மூடுவதா, விற்பதா, விலகிக்கொள்வதா?

அரசாங்கத்தின் கை எதுவரை நீளலாம் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் ராஜாஜி. 1959-இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். தொழில் தொடங்க லைசென்ஸ், இயந்திரம் இறக்க பெர்மிட், மூலப்பொருளுக்கு கோட்டா என்று டெல்லி நடத்திய ஆட்சிக்கு அவர் வைத்த ‘லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்’ என்ற பெயர் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. இதே ராஜாஜிதான் 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்று, மூன்று மாதம் முடிவதற்குள், அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஒருவன் எதைத் தயாரிக்கலாம், எதை விற்கலாம் என்பதில் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது. எதைக் குடிக்கலாம் என்பதில் மட்டும் நுழைக்கலாம்.

ராஜாஜியைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்கிறோம். வருமான வரி, பத்திரப் பதிவு, கட்டட அனுமதி என்று வரும்போது ‘இவனுங்க ஏன் இதுல வர்றாங்க’ என்று எரிச்சல்படுகிறவர்களே, மதுக்கடை என்றதும் ‘கவர்மெண்ட் ஏன் இதை இழுத்து மூடல’ என்கிறோம். 2016 தேர்தலில் திமுக முழு மதுவிலக்கு என்றது, அதிமுக படிப்படியாக என்றது. இரண்டையும் நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஓட்டுப் போட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் கேள்வி வரத்தான் போகிறது. அப்போது நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: எல்லாவற்றையும் மூடுவது, இப்போதுபோல அரசே விற்பது, அரசு விற்பனையிலிருந்து விலகித் தனியாரிடம் விடுவது. கள்ளை மட்டும் திறப்பது என்று அரை வழி ஒன்றும் உண்டு. இந்த மூன்றரை வழிகளையும், தனிமனித விடுதலையை முதலில் வைக்கும் லிபர்டேரியன்களின் தராசில் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். தராசு சரியானதுதானா என்பதையும் கூடவே பார்த்துவிடலாம்.

அந்தத் தராசைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். அடுத்தவனுக்குக் கேடு வராமல் தடுப்பதற்கு மட்டுமே ஒருவனை அரசு கட்டுப்படுத்தலாம், அவனுடைய சொந்த நன்மைக்காக என்று சொல்லிக் கட்டுப்படுத்தக் கூடாது என்று 1859-இல் எழுதினார். அவர் இதைக் காற்றில் எழுதவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 1851-இல் மதுவிலக்குச் சட்டம் போட்டிருந்தது. இங்கிலாந்திலும் அதேபோல வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. மில் நேரடியாக அவர்களோடு மல்லுக்கட்டினார்.

அவர் சொன்னதில் பலருக்கும் தெரியாத பகுதிகள்தான் நமக்கு உதவும். குடித்துவிட்டு ஒருமுறை ஒருவரை அடித்துத் தண்டனை பெற்றவனை, அவனை மட்டும், தனிக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரலாம் என்றார். மறுபடி குடித்தால் அதற்கே தண்டிக்கலாம். ஆசை வரக்கூடாது என்பதற்காகக் கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது தொழிலாளிகளைச் சின்னப் பிள்ளைகளாக நடத்துவது என்றார். ஆனால் அரசுக்கு எப்படியும் வரி வேண்டும் என்னும்போது மதுவின் மீது போடுவதில் தப்பில்லை, அதிக வருவாய் வரும் எல்லைவரைகூடப் போடலாம் என்றார். அவருக்குப் பின்னால் வந்த லைசாண்டர் ஸ்பூனர் என்ற அமெரிக்கர் 1875-இல் இன்னும் ஒரு படி மேலே போய், தீய பழக்கம் வேறு, குற்றம் வேறு, முதலாவதில் அரசுக்கு வேலையே கிடையாது என்றார்.

ஆக மூன்று கேள்விகள். இது யாருடைய உடம்பு? கேடு யாருக்கு? இதில் அரசுக்கு என்ன ஆதாயம்? மூன்றாவதை மில் அவ்வளவாக அழுத்திக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் வாழும் எவரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

இழுத்து மூடுவது

மதுவிலக்கு என்றதும் நம் மனதில் வருவது பூட்டிய கடை. லிபர்டேரியன்கள் பார்க்கச் சொல்வது அந்தப் பூட்டைக் காப்பாற்றத் தேவைப்படும் போலீஸை. குடிப்பது குற்றம் என்று ஆன மறுநாளே வீட்டுக்குள் நுழைந்து சோதனை போடும் அதிகாரம், மூச்சை ஊதிக்காட்டச் சொல்லும் அதிகாரம், வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

பீகார் இதற்குக் கண்ணெதிர் சாட்சி. 2016 ஏப்ரலில் அங்கே முழு மதுவிலக்கு. அந்த ஆண்டுச் சட்டம், ஒரு வீட்டில் பாட்டில் கிடைத்தால் வீட்டில் இருக்கும் வயதுவந்தோர் எல்லோரையும் குற்றவாளிகளாகக் கருதியது. முழுக் கிராமத்துக்கும் கூட்டு அபராதம் போட அதில் இடம் இருந்தது. 2018-இல் அதைத் தளர்த்தினார்கள். ஜாமீன் மனுக்கள் பாட்னா உயர் நீதிமன்றத்தை அடைத்துக்கொண்டு நின்றதைத் அப்போதைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரமணா வெளிப்படையாகவே குறைசொன்ன பிறகு, 2022-இல் முதல்முறை பிடிபட்டவனுக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் அபராதம் என்று இறங்கி வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் 70-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே 2022 ஜூலையில், பிறந்த நாள் முதல் மதுவிலக்கில் இருக்கும் குஜராத்தில், போட்டாத் பக்கம் 40-க்கும் மேற்பட்டவர்கள் இதேபோல் செத்தார்கள்.

அமெரிக்காவின் கதை இதைவிடக் குரூரம். அங்கே 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. தொழிற்சாலைக்குப் போகும் ஆல்கஹாலைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று, அதில் மெத்தனால் போன்ற நஞ்சுகளை அதிகமாகக் கலக்கும்படி அரசே உத்தரவு போட்டது. குடிப்பவனைக் காப்பாற்றப் போட்ட சட்டம் குடிப்பவனுக்கு நஞ்சு வைத்தது. கள்ளுண்பவர் நஞ்சுண்பவர் என்று வள்ளுவர் சொன்னது அறிவுரை. அதை அரசாணையாக ஆக்கிக் காட்டியது வாஷிங்டன்.

இன்னொன்று, மதுவிலக்கு ஒருபோதும் எல்லோருக்குமானதாக இருந்ததில்லை. குஜராத்தில் உடல்நலக் காரணம் காட்டி மருத்துவச் சான்றோடு பெர்மிட் வாங்கலாம். 2023 டிசம்பரில் காந்திநகர் பக்கத்தில் நிதி நிறுவனங்களுக்காக உருவான கிஃப்ட் சிட்டியில் மட்டும், அங்கே வேலை செய்கிறவர்களும் அவர்களின் விருந்தாளிகளும் குடிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். நிதி நிறுவனத்தில் கோட்டுப் போட்டவன் தன் நன்மையைத் தானே பார்த்துக்கொள்வான். செங்கல் சூளைக்காரனுக்குத்தான் அரசு பார்க்க வேண்டும். மில் எரிச்சல்பட்டது இதற்குத்தான்.

நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2016 செப்டம்பரில் பீகாரின் மதுவிலக்கை பாட்னா உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, என்ன குடிப்பது என்பது தனிமனித உரிமை என்று ஒரு நீதிபதி எழுதினார். உடன் இருந்த தலைமை நீதிபதி அந்தப் பகுதியை ஏற்கவில்லை. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை போட்டுவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகு குஜராத்திலும் வழக்குப் போட்டார்கள். அது விசாரிக்கத் தக்கதுதான் என்று 2021-இல் அந்த உயர் நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவு சொன்ன பிறகும் மதுவிலக்கைத் தூக்கிப் போட என்னால் முடியவில்லை. காரணம் ஆந்திராவின் துபகுண்டா. நெல்லூர் மாவட்டத்து ஊர். 1992-இல் அங்கே பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டு 1993-இல் சாராயம் தடையானது. 1995-இல் என்.டி.ஆர். முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். 1997-இல் சந்திரபாபு நாயுடு அதை விலக்கினார், அது வேறு கதை. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது தங்கள் உடம்பைப் பற்றிய கேள்வி. ராத்திரி வீட்டுக்கு வருகிறவன் அடிப்பான். கூலியில் பாதி கடையில் போய்விடும். கேடு அடுத்தவருக்குத்தானே? மில்லின் விதிப்படியே அரசு வரலாமே?

லிபர்டேரியன்களின் பதில் தயாராக இருக்கும்: அடித்தால் அடித்ததற்குத் தண்டி, குடித்ததற்குத் தண்டிக்காதே. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிபட்டவள் எந்த ஸ்டேஷனுக்குப் போவாள்? போனால் ‘குடும்பத்துக்குள்ள சமாதானமாப் போம்மா’ என்று திருப்பி அனுப்பாத ஸ்டேஷன் எத்தனை? தனிமனிதன் என்று அவர்கள் சொல்லும்போது அந்தத் தனிமனிதனுக்கு ஒரு குடும்பம், ஒரே ஒரு சம்பளக் கவர், ஒரே அறையுள்ள வீடு இருப்பது கணக்கில் வருவதே இல்லை. தராசில் எனக்குத் தெரிந்த பெரிய ஓட்டை இது. அடைக்க முடியாத ஓட்டை என்று சொல்ல மாட்டேன். அடைக்காமல் எடை போட்டால் தப்பாகிவிடும்.

நம் ஊரில் இதைக் கடந்து வந்த இன்னொருவர் பெரியார். காங்கிரஸில் இருந்த காலத்தில் கள் எதிர்ப்புக்காகத் தன் தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர், பிற்காலத்தில் மதுவிலக்கு உதவாத காரியம் என்ற முடிவுக்கு வந்தார். 1971-இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார் என்று தெரிந்ததும் 92 வயது ராஜாஜி அவர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரியார், ராஜாஜி என்ற நெருங்கிய நண்பர்கள் இருவர் ஒரே முனையிலிருந்து புறப்பட்டு எதிரெதிர் முனையில் போய் நின்றார்கள். கடவுளை நம்பியவர் சட்டத்தை நம்பினார். கடவுளை நம்பாதவர் சட்டத்தையும் நம்பவில்லை.

அரசே விற்பது

வெளியூர் நண்பர்களிடம் டாஸ்மாக்கை விளக்குவது சிரமம். 1983-இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய அரசு நிறுவனம். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் முழுக்க அதன் கைக்கு வந்தது. அது எந்தச் சட்டத்தின் கீழ் விற்கிறது என்று கேட்டால் சிரிப்பு வரும். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். ராஜாஜி போட்ட அதே சட்டம் மதுவிலக்கு என்ற பெயரோடேயே உயிரோடு இருக்கிறது; விதிவிலக்கு வழியாகத்தான் விற்பனை நடக்கிறது. இதைக் கவனிக்கும் துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2024-25-இல் மது வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு.

பாட்டிலின் மேலே குடி உடம்புக்குக் கேடு என்று எச்சரிக்கிறவரும், அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறவரும், குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் ஓரங்கட்டுகிறவரும் ஒரே முதலாளி. லிபர்டேரியன்களுக்கு மதுவிலக்கைவிட இதுதான் அதிகமாக எரிய வேண்டும் என்று நினைக்கிறேன். மதுவிலக்கில் அரசுக்கு ஒரு கொள்கையாவது இருக்கிறது. இங்கே ஆதாயம் இருக்கிறது. குடிப்பவன் ஏமாந்தால் போய் நிற்க வேறு கடை கிடையாது. தரம் சரியில்லை என்று புகார் சொன்னால் விசாரிக்க வேண்டியவரும் விற்றவரே. பகல் 12 மணிக்கு ஷட்டர் தூக்குவதற்கு முன்பே எங்கள் பேருந்து நிறுத்தம் பக்கத்தில் நிற்கிற வரிசையைப் பார்க்கும்போதெல்லாம், ரேஷன் கடையில்கூட இவ்வளவு பொறுமை இருக்காதே என்று தோன்றும். கேள்வி கேட்க வழியில்லாதவனுடைய பொறுமை அது.

அரசே விற்பது நம் கண்டுபிடிப்பு இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே மது வாணிபத்துக்குத் தனி அதிகாரி உண்டு. இன்றைக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஸ்வீடனின் சிஸ்டம்போலாகெட். 1955 முதல் நாடு முழுக்க அந்த ஒரே அரசு நிறுவனம். அதற்கு முன்னால் அங்கே ரேஷன் புத்தகம் வைத்து மது கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று அதிகாரி தீர்மானிப்பார், பெண்களுக்குப் பெரும்பாலும் குறைவு அல்லது இல்லை. அந்த ரேஷன் காலத்திலேயே, 1922-இல், முழு மதுவிலக்கு வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தி 51-க்கு 49 என்று மயிரிழையில் வேண்டாம் என்று முடிவானது. அந்தச் சிஸ்டம்போலாகெட் கடையில் தள்ளுபடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை விற்பனை கிடையாது, இருபது வயதுக்குக் கீழே கிடையாது. லாபத்தைப் பெருக்குவது அதன் வேலை அல்ல என்பதே அதன் அடிப்படை. டாஸ்மாக்கை ஆதரிக்கிறவர்கள் ஸ்வீடனைக் காட்டும்போது இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தீபாவளிக்கு எத்தனை கோடி என்ற செய்தி வருடா வருடம் நம் நாளிதழில் வருகிறதே, அந்தச் செய்திதான் இரண்டுக்கும் உள்ள தூரம்.

அரசு விற்றால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் செத்தவர்கள் 65-க்கும் மேல், பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. அப்போது மிக மலிவான குவார்ட்டர் 140 ரூபாய். சாராயப் பாக்கெட் 50, 60 ரூபாய். வருவாய்க்காக ஏற்றிய விலையே ஏழையை மெத்தனால் பக்கம் தள்ளியது. வரியை உச்சம்வரை போடலாம் என்று மில் சொன்ன இடத்தில் அவருடைய கணக்கும் பிசகிவிடுகிறது. அடுத்த பத்து நாளுக்குள் அரசு செய்தது ஆயுள் தண்டனை வரைக்கும் போகும் சட்டத் திருத்தம். விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

விலகிக்கொள்வது

தனியாரிடம் விட்டால்? லிபர்டேரியன்கள் நேராக இங்கேதான் வந்து நிற்பார்கள் என்று நினைப்போம். இதிலும் இரண்டு வகை இருக்கிறது. அதைக் கலக்கிவிடக் கூடாது.

2003-க்கு முன்னால் தமிழ்நாட்டில் கடைகளை ஏலம் விட்டார்கள். எண்ணி வைத்த கடைகள். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. ஏலக்காரர்கள் கூடிப் பேசி விலையை அமுக்கினார்கள், அரசுக்கு வரவேண்டியது வரவில்லை என்பதுதான் டாஸ்மாக் சில்லறைக்கு வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணமே. ஏலம் என்பது சுதந்திரச் சந்தை ஆகாது. அரசின் ஏகபோகத்தைத் துண்டு போட்டுப் பலருக்கு விற்பது, அவ்வளவுதான். டெல்லி 2021 நவம்பரில் சில்லறை விற்பனையிலிருந்து முழுக்க விலகியது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடைக்குக் கடை போட்டி, தெருவில் கூட்டம். கொள்கை வகுத்ததிலேயே முறைகேடு என்று விசாரணை வந்து, 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி பழையபடி அரசு நிறுவனங்களே கடை திறந்தன.

உண்மையான விலகல் என்றால், நிபந்தனையை நிறைவேற்றும் எவரும் கடை வைக்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்பதாக இருக்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 1993-இல் ஏறக்குறைய அப்படிச் செய்தது. கடைகள் பல மடங்காயின, தேர்வு பெருகியது. கடை பெருகினால் குடியும் பெருகும் என்பது பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அந்தக் கவலையைச் சும்மா ஒதுக்க முடியாது. நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது: தனியார் கடை, குறைந்த வரி, விதவிதமான சரக்கு. கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போகிறவர்களைக் கேட்டால் சுதந்திரச் சந்தையைப் பற்றிப் பாடமே எடுப்பார்கள்.

சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மது வியாபாரம் செய்ய யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது, அரசு விரும்பினால் தானே முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் இந்த வழி உரிமையாகக் கிடைக்காது. சட்டமன்றம் மனசு வைத்தால்தான் உண்டு.

இந்த வழியில் எனக்கு மிகப் பிடித்தது, அரசு மறுபடி நடுவராகிவிடும் என்பதே. கடைக்காரன் தனி, கண்காணிப்பவன் தனி. பதினெட்டு வயதுப் பையனுக்கு விற்றால் உரிமத்தைப் பிடுங்கலாம். இப்போது யாருடைய உரிமத்தை யார் பிடுங்குவது?

அந்த அரை வழி

கள்ளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும்விட இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தில் உண்டு, புதுச்சேரியில் உண்டு, ஆந்திராவில் உண்டு. இங்கே 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பிராந்தியை அரசே விற்கும். அதில் ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ போதையுள்ள கள்ளை இறக்கினால் வழக்கு. மூன்று வழிகளில் எதன் தர்க்கமும் இதற்குப் பொருந்தாது. மதுவிலக்கு என்றால் பிராந்தியும் போக வேண்டும். உடல்நலம் என்றால் வீரியம் கூடியதுதான் முதலில் போக வேண்டும். சுதந்திரம் என்றால் இரண்டும் இருக்க வேண்டும். வருவாய் என்ற ஒன்றை நுழைத்தால் மட்டும் எல்லாம் சட்டென்று விளங்கிவிடுகிறது. பனைமரத்துக்கு ஆயத்தீர்வை போட்டு வசூலிப்பது கஷ்டம். ஆலைக்குப் போடுவது சுலபம்.

பனையேறியிடம் கேட்டால் இன்னொன்று சொல்வார். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே ராத்திரி, இறங்குவது கள். முதலாவது சத்துள்ள பானம். இரண்டாவது குற்றம். ஒரு மனிதன் தன் சொந்த மரத்தில், தன் சொந்தக் கலயத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு தடவினானா இல்லையா என்று பார்ப்பது அரசின் வேலை என்று ஆகிவிட்ட இடத்தில், அரசின் எல்லை எது என்ற கேள்விக்கு மேலைநாட்டுத் தத்துவம் எதுவும் தேவையில்லை.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கள்ளில் கலப்படம் சுலபம். போதை கூட்ட மயக்க மருந்துகளைக் கலப்பது கேரளத்தில் தீராத தலைவலி. தேவை கூடினால் மரம் போதாது, அப்போது கலப்படக்காரன் வருவான். ஆனால் பாலிலும் எண்ணெயிலும் கலப்படம் உண்டு. அதற்காகப் பாலைத் தடை செய்வதில்லை, சோதனை போடுகிறோம். விவசாய அமைப்புகள் இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டத்துப் பெரியதாழையில் பனை ஏறிக் கள் இறக்கிப் போராட்டம் நடத்தினார். அவர் அரசியலின் மற்ற பகுதிகளில் அரசு எதெதிலெல்லாம் புக வேண்டும் என்று அவர் விரும்புவதைப் பார்த்தால் எந்த லிபர்டேரியனுக்கும் தலை சுற்றும். இந்த ஒரு விஷயத்தில் மரத்தின் உச்சியில் அவர் நின்ற இடம் மில் நின்ற இடம்தான்.

சரி, எதை எடுப்பது?

என் ஓட்டு விலகிக்கொள்வதற்கு. அப்படியே அல்ல, துபகுண்டாவின் பெண்களைக் கேட்டுவிட்டு.

அரசு விற்பனையிலிருந்து வெளியே வரட்டும். ஏலம் வேண்டாம், நிபந்தனைக்கு உட்பட்டவர் எவரும் விற்கலாம் என்று இருக்கட்டும். வரியைப் பாட்டிலுக்குப் போடாமல் அதில் உள்ள ஆல்கஹாலின் அளவுக்குப் போட வேண்டும். அப்போது கள்ளும் பீரும் தானாக மலிவாகும், பிராந்தி தானாக ஏறும். எதையும் தடை செய்யத் தேவையில்லை. கள்ளை இன்றைக்கே திறக்கலாம், அதற்கு மற்றதெல்லாம் நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடை எங்கே என்பதை மட்டும் ஊர் தீர்மானிக்கட்டும். கோவிலுக்கும் பள்ளிக்கும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடத்தில் 100 மீட்டர் தள்ளி என்கிறது இப்போதைய விதி. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னபோது தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடின. அவற்றை ஊருக்குள் தூக்கி வைக்கப் போனபோதுதான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சி மாநிலம் முழுக்க ஓடியது. அந்தப் பெண்கள் குடியை ஒழிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை, எங்கள் தெருவில் வேண்டாம் என்று கேட்டார்கள். கிராம சபையில் ரகசிய வாக்கெடுப்பு வைத்து, வேண்டாம் என்றால் அந்த ஊரில் கடை இல்லை என்று சட்டம் இருந்தால் போதும். கறாரான லிபர்டேரியன்கள் இதையும் பெரும்பான்மையின் அடக்குமுறை என்பார்கள். இருக்கட்டும். அடுத்த ஊருக்குப் போய் வாங்க பஸ் இருக்கிறது. அந்தத் தெருவில் குடியிருப்பவளுக்கு வீட்டைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

வீட்டுக்குள் நடக்கும் கேட்டுக்கு மில் சொன்ன அந்த மறந்துபோன யோசனையே நல்ல மருந்து என்று நினைக்கிறேன். குடித்துவிட்டு மனைவியை அடித்து ஒருமுறை தண்டனை பெற்றவனுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குக் குடிக்கத் தடை, மீறினால் உள்ளே. ஊர் முழுக்கத் தண்டிக்காமல் அடித்தவனைத் தொடுகிற ஏற்பாடு. இதற்கு முதலில் அவள் புகாரை எழுதி வாங்குகிற ஸ்டேஷன் வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. அது அமையாத ஊரில் மூடச் சொல்லும் பெண்களிடம் தனிமனித உரிமை பற்றி வகுப்பெடுக்க எனக்குத் தைரியம் கிடையாது.

எஞ்சியிருப்பது பணம். இப்போதைய வழியை விட்டு எந்த வழிக்குப் போனாலும் அந்த 48,344 கோடியில் ஒரு பகுதி குறையலாம்; முழுக்க மூடினால் முழுக்கவே போகும். மூடுவோம் என்று வாக்குறுதி கொடுக்கும் கட்சிகள் அதற்கு ஈடாக யார் பையில் கை வைப்போம் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ராஜாஜி சொன்னார். சேலத்தில் தொடங்கி சித்தூர், கடப்பா, வட ஆற்காடு என்று மதுவிலக்கை விரித்தபோது கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பெர்மிட் ராஜ்யத்தின் பகைவர் கையால் வந்தது அந்த வரி, பிற்காலத்தில் மாநிலங்களுக்கெல்லாம் முதுகெலும்பாகவும் ஆனது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்த முதுகெலும்பை எடுத்துக்கொண்டு போனபோது, மாநிலங்கள் தாங்களே வரி நிர்ணயிக்கும்படி விட்டுவைத்த சில பொருட்களில் ஒன்று பெட்ரோல், இன்னொன்று மது.